நடிப்பு என்றார்கள்

என் மூட்டுகள் பிறவியிலேயே தளர்ந்தவை. எலும்புகளைச் சேர்த்துக் கட்டிவைக்கும் நார்கள் தேவைக்கு மேல் இழுபடும். இது தெரியவந்தபோது எனக்கு நாற்பது நெருங்கிவிட்டது. அதுவரை எனக்கு ஒரே பெயர்தான்: சோம்பேறி.

துடியலூரில் புகுந்த வீட்டில் மாவு வாளியைத் தூக்கினால் மணிக்கட்டு மடங்கும். படி இறங்கினால் கணுக்கால் பிசகும். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்க" என்றார். மாமியாருக்கு அது போதும். "படத்துல ஒண்ணுமே இல்லியாமா. எல்லாம் நடிப்புங்க" என்று பக்கத்து வீட்டாரிடம் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

கணவர் யோகா வகுப்பில் சேர்த்துவிட்டார். என் உடம்பு வளைவதைப் பார்த்த மாஸ்டருக்கு ஒரே குஷி. எல்லோர் முன்னாலும் நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த என் கைகளை மேலே தூக்கினார்.

"வலிக்குதுங்க."

"இன்னும் கொஞ்சந்தானுங்க."

வலது தோள் கழன்றது. அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

தோளைப் பொருத்திய ஆஸ்பத்திரியில்தான் பிசியோதெரபிஸ்டைப் பார்த்தேன். சிரிக்கவே சிரிக்காத பெண். விரல், முழங்கை, முழங்கால் எல்லாவற்றையும் வளைத்துப் பார்த்தார்.

"உங்க மூட்டெல்லாம் ரொம்ப லூசுங்க. இனி எதையும் இழுத்து வளைக்காதீங்க. மூட்டைப் புடிச்சு நிறுத்தற வேலையச் சதைதான் செய்யோணும். அதைப் பலப்படுத்தலாம்."

"அப்ப நான் நடிக்கலீங்களா?"

"யாருங்க அப்படிச் சொன்னது?"

அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

அவர் சொல்லிக்கொடுத்தபடி வீட்டில் கதவுப் பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி மெதுவாக இழுத்தேன். முழங்காலைப் பின்னுக்குத் தள்ளாமல் நிற்கப் பழகினேன். மாமியார் கடந்துபோகும்போதெல்லாம், "வெளையாட்டு முடிஞ்சுதா?" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். ஒரு வருடத்தில் வலி பாதியானது. தோள் மறுபடி கழலவில்லை. முழுக்கக் குணமாகாது என்றும் தெரியும்.

போன தை மாதம் கிணத்துக்கடவில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாந்தானுங்க பிசியோவுக்கு அனுப்புனேன். இப்பப் பாருங்க, ஜம்முனு இருக்கறா."

இலையிலிருந்து கையை எடுத்தேன். "அத்தை, நடிப்புன்னுதானுங்க நீங்க எல்லார்த்துகிட்டயும் சொன்னீங்க."

கணவர் என் காலை மிதித்தார். மாமியார் ரசத்தைப் பாதியில் விட்டு எழுந்தார்.

வீடு சேர்ந்ததும் கணவர் கத்தினார்: "அத்தன பேர் முன்னால எங்கம்மா மானத்த வாங்கிப்போட்டயே!"

"ஆமாங்க, வாங்கிப்போட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு மாமியார் என்னோடு பேசுவதில்லை. எனக்கும் அவரிடம் பேச ஒன்றுமில்லை.