தண்ணீருக்குத் தாங்கிய சிமிழ்

அப்போது குருபரப்பள்ளி ரோட்டோரத்தில் எனக்குத் தகரச் சாமான் கடை. சானமாவுக் காட்டோரம் கேழ்வரகு விதைக்கும் ஒரு குடியானவர் சந்தை நாள் தவறாமல் வருவார். ஒட்டிய கன்னம், தோளில் கறுப்புக் கம்பளி. மடியில் செருகிக்கொள்ள, மழையில் நனையாத டப்பா வேண்டும் என்பார்.

பொடி டப்பா, தைல டப்பா, எதைக் கொடுத்தாலும் உள்ளே நாலு தீக்குச்சியைப் போட்டு மூடி, என் வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடிப்பார். பிறகு எடுத்து, என் தீப்பெட்டியில் உரசுவார். குச்சி நமுத்திருக்கும்.

"பாத்தீங்களா, எதுவும் தாங்காது" என்பார். ஏனோ நிம்மதியாகத்தான் போவார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து திருகுமூடி போட்ட பித்தளைச் சிமிழ் ஒன்றை வரவழைத்து, விளிம்பில் தேன்மெழுகு தடவிக் கொடுத்தேன். அதையும் தண்ணீரில் அமுக்கி எடுத்து உரசினார்; முதல் குச்சியே பற்றிக்கொண்டது. சுடர் விரலைச் சுடும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடுத்துக்குங்க பெரியவரே. இனிமே மழையிலயும் கவலையில்ல."

"போன மழையில எம் பையனும் நானும் கேழ்வரகுக் கொல்லைக் காவலுக்குப் போனமுங்க. ஆனை வந்துருச்சு. பந்தம் கொளுத்தலாம்னா, மடியிலிருந்த குச்சியெல்லாம் நமுத்துப் போச்சு. பையன் போயிட்டான். எந்த டப்பாவுல வெச்சிருந்தாலும் நனைஞ்சுதான் இருக்கும்னு மனசத் தேத்திக்கிட்டிருந்தேன். இது தாங்குதுங்களே."

சிமிழைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் வரவேயில்லை.

இப்போதும் சிமிழ் கேட்பவர்களுக்கு மெழுகு தடவித்தான் கொடுக்கிறேன். என் கண்முன்னால் மட்டும் யாரையும் குச்சி உரச விடுவதில்லை.