அண்ணி வாசித்த ஆங்கிலக் கவிதைகள்

நாத்தனாருக்குப் பார்வை மங்கத் தொடங்கியபோது அவள் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். விழித்திரையில் கோளாறு என்றார்கள். ஒரே நாளில் விளக்கை அணைத்தது போலப் போகவில்லை. ஓரங்களில் இருட்டிக்கொண்டு வந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்து, கடைசியில் அதுவும் போனது. படிப்பு பாதியில் நின்றது.

சில வருடங்கள் சுவரைப் பிடித்து நடப்பதும் யார்மேலாவது எரிந்து விழுவதுமாகப் போயின. பிறகு ஒருநாள், விட்ட படிப்பைத் தொலைதூரக் கல்வியில் முடிக்கப்போவதாக அறிவித்தாள். முதல் பாடமே பெரியது: பிரிட்டிஷ் இலக்கியம், ரொமான்டிக் காலம் தொட்டு நவீன காலம் வரை. கைபேசி வாசித்துக் காட்டும் என்று நம்பியிருந்தாள். ஆனால் பாடப் பக்கங்கள் பழைய புத்தகங்களிலிருந்து மங்கலாக நகலெடுக்கப்பட்டவை. கைபேசி அவற்றைக் கடித்துக் குதறியது. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் அண்ணிதான். அண்ணன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான்.

அண்ணிக்கு மாத்திரைத் தொழிற்சாலையில் வேலை. அட்டைகளில் அச்சாகி வரும் ஆங்கில எழுத்துகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. பள்ளி இறுதி வரை படித்த ஆங்கிலம் அந்த வேலைக்குப் போதுமானதாக இருந்தது.

இருவருக்கும் இடையே அதுவரை பெரிதாக ஒட்டுதல் கிடையாது. ஒரே வீட்டில் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தார்கள். நாத்தனார் கேட்ட விதமும் கெஞ்சலாக இல்லை. அண்ணியும் கடனே என்றுதான் ஒப்புக்கொண்டாள்.

மாலை ஷிஃப்ட் உள்ள வாரங்களில் காலையில் சமையலறை மேசையில் உட்காருவார்கள். முதல் வாரமே நாத்தனார் குறுக்கிட்டாள். “மாத்திரை அட்டை படிக்கிற மாதிரி படிக்காதீங்க அண்ணி. வரி முடியிற இடத்துல நிக்காதீங்க, அர்த்தம் முடியிற இடத்துல நில்லுங்க.”

“அர்த்தம் எங்க முடியுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

நியாயமான கேள்வி. அதனால் நாத்தனார் ஒவ்வொரு கவிதைக்கும் பொருள் சொல்லத் தொடங்கினாள். மலை, மேகம், ஏரி, தனியாக நடந்துபோகும் ஒரு மனிதன். வாரக்கணக்கில் இதுவே வந்தபோது, இந்த ஆட்களுக்கெல்லாம் வேலைவெட்டியே கிடையாதா என்று அண்ணி கேட்டாள். பல நாள் கழித்து அந்த வீட்டில் நாத்தனார் சிரித்தது அன்றைக்குத்தான். அடுத்த காலகட்டத்துக்குள் நுழைந்து புகைபோக்கிகளும் ஆலைச் சங்கும் வந்ததும் அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இப்பதான் நம்ம பக்கம் வந்திருக்காங்க” என்றாள். போர்க்களத்துக் கவிதைகளை வாசித்த வாரம், வேலைக்குப் போகும் பேருந்திலும் அந்தச் சேறு நினைவில் வந்ததாகச் சொன்னாள். அப்போது வரிகள் எங்கே மூச்சு விடுகின்றன என்பது அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

அப்படி ஒரு காலையில்தான் அந்தக் கவிதை வந்தது. அதிகம் அறியப்படாத ஒரு கவிஞர், பெயர் வைப்பதற்குள் இறந்துபோன தன் குழந்தையைப் பற்றி எழுதியது. அதன் கண் நிறம், மூடிய விரல்கள், காதோரத்து மென்மயிர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நாத்தனாருக்கு அது என்ன கவிதை என்பது முன்னமே தெரியாது. பாதியில் அண்ணியின் குரல் நின்றது. மறுபடி தொடங்கினாள், மறுபடி நின்றாள்.

சில வருடங்களுக்கு முன் அண்ணிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அறுவை செய்துதான் எடுத்தார்கள். அவள் மயக்கம் தெளிந்து கேட்டபோது அடக்கம் வரை எல்லாம் முடிந்திருந்தது. பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. அண்ணன் அடுத்த வாரமே நெடுந்தூர லோடு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நாத்தனார் மேசையைத் தடவி அண்ணியின் கையைத் தேடினாள். இன்றைக்கு இது போதும் என்றாள்.

“இல்ல. இந்த ஆளு கொடுத்துவச்சவரு,” என்றாள் அண்ணி. “அவருக்குச் சொல்றதுக்கு இவ்வளவு இருக்கு. எனக்கு நினைச்சுப் பார்க்கக்கூட ஒண்ணும் இல்ல.”

நாத்தனார் தேடிய கையைப் பற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “நான் பார்த்தேன் அண்ணி.”

ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது முதலில் வாங்கியது அவள்தான். அப்போது பார்வையின் நடுவில் மட்டும் ஒரு கையகல வெளிச்சம் இருந்தது. சரியாகத் தெரியவில்லை என்பதால் மூக்கு உரசும் அளவுக்கு முகத்துக்கு அருகே வைத்துப் பார்த்திருக்கிறாள். அண்ணி கேட்டால் சொல்ல வேண்டும் என்று இருந்தாள். அண்ணி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

“எப்படி இருந்தா?”

“முடி நிறைய. சுருட்டை. நெத்தி அப்படியே உங்க நெத்தி. மேலுதடு மட்டும் அண்ணனோடது. இடது புருவத்துல சின்னதா ஒரு மச்சம். தூங்குற மாதிரிதான் இருந்தா.”

அண்ணி அழவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். நாத்தனார் சொன்னாள். எந்தப் புருவம் என்று கேட்டாள். இடது என்றாள் நாத்தனார். அன்றைக்கு அண்ணி வேலைக்குப் போகவில்லை.

அண்ணன் சரக்கு இறக்கிவிட்டு வீடு திரும்பியதும் அவரிடம் ஒன்று மட்டும் சொன்னாள், பாப்பாவுக்குச் சுருட்டை முடியாமே என்று. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “ஆமா, உன்னோடது மாதிரியே” என்றார். இத்தனை வருடத்தில் அவர் அதைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது. அந்த மாதம் அவர் வெளியூர் லோடு எடுக்கவில்லை.

அந்தப் பருவத்தில் மிச்சமிருந்த பாடங்களையும் அண்ணியே வாசித்து முடித்தாள். தேர்வில் நாத்தனார் சொல்லச் சொல்ல எழுத ஒரு கல்லூரிப் பெண்ணை அமர்த்தியிருந்தார்கள். அண்ணி வெளியே நடைவழி பெஞ்சில் காத்திருந்தாள். கேள்வித்தாளில் அந்தக் கவிதையும் வந்திருந்தது. நாத்தனார் அதை விட்டுவிட்டு, சரியாகத் தயார் செய்யாத வேறொரு கேள்விக்குப் பதில் சொன்னாள். தட்டுத்தடுமாறித்தான் தேறினாள்.

தெரிந்த கேள்வியை யாராவது விடுவார்களா என்று அண்ணி பிற்பாடு கேட்டாள்.

“சொல்ல ஆரம்பிச்சேன். அந்தப் பொண்ணும் எழுதத் தயாராத்தான் இருந்தா. ஆனா பாப்பா முகத்தைத் தவிர வேற எதுவும் எனக்கு வாயில வரல அண்ணி.”

 அண்ணி அடுத்த பருவத்தின் பாடக்கட்டைப் பிரித்து, முதல் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மெதுவாக வாசிக்கத் தொடங்கினாள்.