தோமா அக்கா நம்ப மாட்டார்

யாராவது "ஸ்தோத்திரம் அக்கா" என்றால் போதும், "ஸ்தோத்திரம், என்ன வேணும் சொல்லுங்க" என்பார். ஒன்றும் வேண்டாம் என்றால் சந்தேகம் இரட்டிப்பாகும். பழம் கொடுத்தால் முகர்ந்து பார்ப்பார். போர்வை கொடுத்தால் உதறி, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுவார். எங்கள் சபையில் அவருக்குத் தோமா அக்கா என்றுதான் பெயர். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற அந்தத் தோமாவே இவரிடம் வந்து பாடம் கேட்க வேண்டும்!

பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டைக் கூட்டித் துடைப்பது வேலை. வாந்தி, மலச்சட்டி, இரத்தம் காய்ந்த பஞ்சு எல்லாம் அவர் கையால்தான் வெளியேற வேண்டும். குளித்துவிட்டு வந்தாலும் பினாயில் வாடை கொஞ்சம் மிச்சமிருக்கும். "சிரிச்சுக்கிட்டே வர்ற டாக்டரப் பாத்தாதான் எனக்கு வயித்தக் கலக்கும். ஏதோ கெட்ட சேதி வச்சிருக்காருன்னு அர்த்தம்" என்பார். இப்படிப்பட்டவரிடம் அன்பு காட்டுவது லேசுப்பட்ட காரியமா?

திருவிருந்தில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கும் சபை எங்களுடையது. தொற்றுக் காய்ச்சல் பரவிய சமயம், சபைச் செயலாளர் அக்காவிடம் வந்து, "தப்பா நினைக்காதீங்கக்கா, நீங்க மட்டும் கடைசியா வாங்க" என்று சொன்னார். காய்ச்சல் ஒழிந்தது. அதன் பிறகும் யாரும் அவரை முன்னே கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. அடித்தவன் மறந்தாலும் அடிபட்டவன் மறப்பானா?

இந்த வருடம் ஆஸ்பத்திரி, குப்பை வண்டி, தண்ணீர் லாரி என்று ஊருக்கு உழைப்பவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லும் ஆராதனை ஏற்பாடானது. அக்காவுக்குப் பூங்கொத்தாம், கைதட்டலாம். நான்தான் சொல்லப் போனேன். மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு இந்தத் திடீர்ப் பாசம்? கை தட்டினா யாருக்கும் ஒண்ணும் ஒட்டிக்காதுங்க. நான் குடிச்ச பாத்திரத்துல அடுத்து யாரு வாய் வைக்கிறாங்கன்னு பாக்கலாம். அப்புறம் குடுங்க உங்க பூங்கொத்த."

கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? ஆயரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு ஆயர் அக்காவையே முதலில் அழைத்தார். வந்தார். பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குடித்தார். குடித்தவர் இடத்துக்குத் திரும்பாமல், கையைக் கட்டிக்கொண்டு ஆயர் பக்கத்திலேயே நின்றுவிட்டார், காவல்காரர் மாதிரி. அடுத்து யார் எழுவது? பெஞ்சுகளில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செயலாளர் எழுந்தார். ஆயர் வழக்கம்போல விளிம்பைத் துடைக்கத் துணியை எடுத்தார்.

"வேண்டாங்கய்யா, அப்படியே குடுங்க" என்றார் செயலாளர். அக்கா பக்கம் திரும்பினார். "அன்னைக்கு உங்களக் கடைசிக்கு அனுப்பினது நான்தாங்கக்கா."

அக்கா அவரை உற்றுப் பார்த்தார். நடிப்பா, நிஜமா என்று துருவுகிற பார்வை. பாத்திரம் செயலாளரின் உதட்டருகே போய்விட்டது.

"கொஞ்சம் இரு தம்பி" என்றார் அக்கா. ஆயர் கையிலிருந்த துணியை வாங்கி, விளிம்பைச் சுற்றித் தானே துடைத்துக் கொடுத்தார்.