காற்றில் இடம் மாறிய நட்சத்திரம்

அன்று காலை அம்மா நீடாமங்கலத்திலிருந்து ரயிலில் தஞ்சாவூர் கோர்ட்டுக்கு வந்திருந்தாள். கூலிக்கு நடவு நட்டவளுக்கு நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கர்மீது பழைய மிராசுதாரின் வாரிசுகள் வழக்குப் போட்டிருந்தார்கள். விசாரணை நடக்காமல் மறுபடியும் வாய்தா. திரும்பும் ரயிலுக்கு நேரமிருந்ததால், நான் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்த கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஒலியைவிடப் பல மடங்கு வேகமாகப் பறக்கும் கலம், நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை அறிய ஒரு கேமரா வேண்டும். அதை மூடும் கண்ணாடி என் பொறுப்பு. கண்ணாடி வெப்பத்தைத் தாங்கிவிட்டால் போதும், நட்சத்திரம் சரியாகத் தெரியும் என்று இரண்டு வருடமாக எழுதிவந்தேன். ஆய்வுக்கூடத்தில் ஊசித்துளை வழியே வரும் விளக்கொளிதான் எங்கள் நட்சத்திரம்; கேமராத் திரையில் அது ஒரு புள்ளி.

கண்ணாடிமேல் அதிவேகக் காற்றைப் பாய்ச்சும் காற்றுச் சுரங்கத்தைத் திறந்தேன். சில நொடிகள் காதைப் பிளக்கும் இரைச்சல்.

"பாப்பா, புள்ளி நவுருது பாரு!" அம்மா கத்தினாள்.

திரையைப் பார்த்தேன். புள்ளி தன் இடத்தை விட்டு விலகி, கலங்கி, நடுங்கிக்கொண்டிருந்தது. காற்று நின்றதும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"விளக்க யாராச்சும் தொட்டீங்களா?" என்று ஆய்வுக்கூட உதவியாளரிடம் கேட்டேன்.

"கிட்டவே யாரும் போவலைங்க மேடம்."

ஒளி அந்தக் காற்றின் வழியே போகாத இன்னொரு விளக்கையும் அதே கேமராவுக்குக் காட்டி, மறுபடி ஓட்டினேன். அந்தப் புள்ளி அசையவில்லை. முதல் புள்ளி மட்டும் ஓடியது. அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றுதான், இடத்துக்கு இடம் அடர்த்தி மாறி, ஒளியை வளைத்திருந்தது. நிஜக் கலமாக இருந்தால் தான் திரும்பிவிட்டதாக நினைத்து வழி தப்பியிருக்கும். பேராசிரியருக்குச் சொல்லியனுப்பினேன்.

என் ஆய்வுக்கு வழிகாட்டியான அவர் வந்து படங்களைப் பார்த்தார்.

"நாளைக்கு ரிவ்யூம்மா. எல்லாம் சரியா இருக்குன்னு கமிட்டிக்கு லெட்டரே அனுப்பிட்டேன். இதச் சொல்லித்தான் ஆகணுமா?"

"சொல்லாம எப்படிங்க சார்?"

"வாய்தா கேக்க முடியாதாங்க?" என்றாள் அம்மா, அவரைப் பார்த்து. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஆய்வை மதிப்பிடும் குழுவின்முன் படங்களை வைத்தேன். "அப்ப ரெண்டு வருஷம் என்னதாம்மா பண்ணுனீங்க?" என்று ஒருவர் மேஜையைத் தட்டினார். விலகிய புள்ளியின் படத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். கடைசியில், புள்ளி எவ்வளவு விலகுகிறது என்று அளந்து அதைக் கணக்கில் கழிக்க முடியுமா பார் என்று இன்னொரு வருடம் கொடுத்தார்கள். விலகலை ஓரளவு கழிக்க முடிந்தது. நடுக்கத்தை முடியவில்லை. ஆய்வேட்டில் அப்படியே எழுதினேன்.