சாப்ட் உடையட்டும், விழக்கூடாது

1. சைக்கிளில் வந்த சாப்ட்

பிலிப்பு அண்ணை அன்று காரில் வரவில்லை, சைக்கிளில் வந்தார். சைக்கிள் பாரோடு சேர்த்துக் காரின் புரொப்பெல்லர் சாப்டைக் கட்டியிருந்தார். எஞ்சினின் சுழற்சியைப் பின் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் நீளமான இரும்புக் குழாய் அது. நடுவில் வளைந்துபோயிருந்தது. அவருடைய நெற்றியிலும் ஒரு கட்டு.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. உரும்பிராயில் எங்கள் கராச்சில் நான் தலைமை மெக்கானிக். கை சுத்தம், வாய் கொஞ்சம் கூட. எனக்குத் தெரியாத வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

அவருடைய கார் சும்மா கார் இல்லை. பழைய இங்கிலிஷ் காரின் சின்ன எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜப்பான் வான் ஒன்றின் பெரிய எஞ்சினை நாங்கள்தான் அதற்குள் இறக்கினோம். குருநகர் மீனை ஐஸ் கரையுமுன் வவுனியாவில் சேர்ப்பதற்காகச் செய்த வேலை. பிறகு சண்டையில் பாதையும் போய், கடலும் போய், அவர் நெல்லியடியில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். வடமராட்சியிலிருந்து பெரிய ஆசுபத்திரிக்கு நோயாளர்களைக் கொண்டுபோக அந்தக் கார் உதவியது. மண்ணெண்ணெயிலும் அதை முந்த ஒரு கார் இருக்கவில்லை. ஆனால் எஞ்சினின் பலத்தைச் சாப்ட் தாங்காது. அது எங்களுக்கும் தெரியும்.

"வல்லை வெளியிலை முன் குறொஸ் உடைஞ்சுது. சாப்ட் விழுந்து றோட்டிலை குத்தி, காரின்ரை பின்பக்கம் எழும்பிப்போட்டுது. நல்ல காலம், நான் தனிய வந்தனான்," என்றார்.

குறொஸ் என்பது சாப்டின் இரு முனையிலும் இருக்கும் மூட்டு. பின்மூட்டு உடைந்தால் சாப்ட் றோட்டில் இழுபட்டுக்கொண்டு வரும். முன்மூட்டு உடைந்தால் சாப்டின் முன்நுனி றோட்டில் ஊன்றிக்கொள்ளும். தடி ஊன்றிப் பாய்கிறவனைப்போலக் கார் எழும்பும்.

"வேறை சாப்ட் போட்டுத் தாறன் அண்ணை."

"உடையாது எண்டு சொல்லுவியோ தம்பி?"

"புதுக் குறொஸ் எங்கை கிடக்கு? பழசுக்கை நல்லதாப் பாத்துப் போடுவன். உடையாது எண்டு சொல்லேலாது."

அவர் சைக்கிளிலிருந்து சாப்டை அவிழ்த்துக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "வாற கிழமை என்ரை மகளுக்கு நாள். பிள்ளை குறுக்கை கிடக்காம். ஆசுபத்திரியிலை வெட்டித்தான் எடுக்கவேணும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அவளை இந்தக் காரிலைதான் கொண்டுபோகவேணும். உடையிறதெண்டால் உடையட்டும். விழாமல் செய்யலாமோ?"

நான் முழித்தேன். அவர் விளக்கினார். "வள்ளத்திலை சுக்கானுக்கு ஒரு கயிறு கட்டியிருப்பம். கழண்டாலும் கடலுக்கை போகாது. உதுக்கும் அப்பிடி ஒண்டு செய்யேலாதோ?"

இருபது வருடம் காருக்கடியில் படுத்தவன் நான். எனக்கு வராத யோசனை ஒரு மீன்காரருக்கு வந்தது. அந்த நேரம் மனதுக்குள் மெச்சினேன், வாயால் மெச்சவில்லை. அது என் குணம். வெளிநாட்டில் வேகக் கார்களுக்கு இதைப் போடுவார்கள், சேஃப்டி லூப் என்பது பெயர் என்று பின்னாளில் அறிந்தேன். நாங்கள் வளையம் என்றோம்.

2. வளையம்

கயிறு சாப்டில் சுற்றிக்கொள்ளும், சங்கிலியும் அப்படித்தான். இரும்புப் பட்டைதான் வேண்டும். மாட்டுவண்டிச் சில்லைச் சுற்றியிருக்கும் பட்டா ஞாபகம் வந்தது. ஒரு பழைய சில்லிலிருந்து கழற்றிக் கோப்பாய்க் கொல்லரிடம் கொடுத்தோம். அவர் உலையில் காய்ச்சிச் சாப்டைச் சுற்றி அரை அங்குலம் இடைவெளி வரும்படி வளைத்துத் தந்தார். கறண்ட் இல்லாததால் வெல்டிங் இல்லை. காரை இழுத்துவந்து வேறு சாப்ட் போட்டபின், அடிச்சட்டத்தில் கைத்துறப்பணத்தால் நாலு துளை போட்டு, முன்மூட்டுக்கு ஒரு சாண் பின்னால், போல்ட் போட்டு இறுக்கினேன். அழகான வேலை. நானே இரண்டு தரம் குனிந்து பார்த்தேன்.

"சரி அண்ணை, கொண்டுபோங்கோ."

"ஆக்களை ஏத்திப் பாப்பம்," என்றார் பிலிப்பு அண்ணை.

"என்னத்துக்கு? நான் அளந்து பூட்டினது."

"கரையிலை கிடக்கேக்கை வள்ளம் ஒரு மாதிரி, பாரம் ஏத்தினால் வேறை மாதிரி. ஒருக்கால் பாப்பம், தம்பி."

எனக்குக் கோபம் வந்தது. "மீன் வேலையை நீங்கள் பாருங்கோ, கார் வேலையை நான் பாக்கிறன்," என்று சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கு முன்னால் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்குப் போய், வெங்காயம் கிண்டிக்கொண்டு நின்றவர்களில் ஆறு பேரைக் கூட்டிவந்தார். அவர்கள் சேற்றுக் காலோடு ஏறினார்கள். பின்பெட்டிக்குள் இரண்டு மூட்டை வெங்காயமும் ஏறியது.

வேண்டாவெறுப்பாக அடியில் படுத்துப் பார்த்தேன். சாப்ட் வளையத்தின் மேற்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தது. நகம்கூடப் போகாது.

பிழை என்னுடையதுதான். காரை மரக்குற்றியில் தூக்கிவைத்து, பின் அச்சு கீழே தொங்கிக்கொண்டிருந்தபோது அளந்திருக்கிறேன். பாரம் ஏறினால் கார் பதியும், சாப்ட் மேலே போகும். அப்படியே விட்டிருந்தால் நெல்லியடி போய்ச் சேருமுன் என்னுடைய வளையமே சாப்டை அராவித் தின்றிருக்கும். காப்பாற்றப் போட்டது கொன்றிருக்கும்.

வெளியே வர வெட்கமாக இருந்தது. வந்தேன். பிலிப்பு அண்ணை முகத்தில் சிரிப்பு இல்லை. "எவ்வளவு உயர்த்தவேணும்?" என்று மட்டும் கேட்டார். ஆட்கள் ஏறியபடியே இருக்க மறுபடி அளந்து, புதுத் துளை போட்டு உயர்த்திப் பூட்டினேன். எனக்கு ஸ்பனர் எடுத்துத் தந்தவர் அவர்.

3. ஆசுபத்திரியில்

அடுத்த கிழமை பிலிப்பு அண்ணை மகள் றீற்றாவை ஏற்றிக்கொண்டு வரும்போது, புத்தூருக்குக் கிட்ட, நாங்கள் பார்த்துப் போட்ட முன் குறொஸ் உடைந்தது. பெரிய சத்தம். சாப்ட் வளையத்துக்குள் விழுந்து கிடந்து அடித்தது, றோட்டைத் தொடவில்லை. கார் நேராக உருண்டு ஓரமாக நின்றது. பின்னால் வந்த இன்னொரு காரில் மகளை ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காரை இழுத்துவந்தோம். வளையத்தின் கீழ்ப்பக்கம் அடிபட்டுப் பளபளவென்று இருந்தது. மேற்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பின்னேரம் ஆசுபத்திரிக்குப் போனேன். றீற்றாவுக்குப் பக்கத்தில் பெண்குழந்தை படுத்திருந்தது. என்னைக் கண்டதும் றீற்றாவின் கண் கலங்கியது.

"அண்ணை, அப்பா சொன்னவர். ஆக்களை ஏத்திப் பாக்காமல் காரை விடமாட்டன் எண்டு நீங்கள்தான் பிடிவாதமா நிண்டனீங்களாம்."

நான் பிலிப்பு அண்ணையைப் பார்த்தேன். அவர் போத்தலில் இருந்து கோப்பி வார்த்துக்கொண்டிருந்தார். "ஓம் தங்கச்சி," என்றேன்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னியள்?"

"ஏறமாட்டன் எண்டு அழுதவள். மெக்கானிக் பாத்தது எண்டால் ஏறுவாள். மீன்காறன் பாத்தது எண்டால் ஏறுவாளோ?" என்று சொல்லிச் சிரித்தார். அன்றுதான் அவர் சிரித்தார்.

அப்படி ஒரு மனிதரை நான் பிறகு காணவில்லை. அதன் பிறகு பாரம் ஏற்றிப் பார்க்காமல் ஒரு வாகனத்தையும் வெளியே விட்டதில்லை. தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். காரில் ஏறப்போகிறவர் ஒன்று சொன்னால், அவருக்குத் தொழில் தெரியாது என்று தள்ளாதீர்கள். உயிர் அவருடையது.

இன்னுமொன்று பாக்கி இருக்கிறது. பிலிப்பு அண்ணை காலமாகிவிட்டார். றீற்றா எந்த நாட்டில் இருக்கிறாளோ தெரியாது. இதை வாசித்தால் அவள் அறியட்டும்: ஆட்களை ஏற்றிப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் உன்னுடைய அப்பா. தேவையில்லை என்று சொன்னவன் நான்.