ஓய்வுநாளில் ஒரு வாளி

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர், ஏழாம் நாளில் வேலை செய்யக் கூடாது என்ற ஓய்வுநாள் கட்டளைப்படி சனிக்கிழமைகளில் அடுப்புகூடப் பற்றவைக்க மாட்டார். ஒடிசலான தேகம், கக்கத்தில் எப்போதும் வேதப் புத்தகம். இரட்சிப்புக்கு விசுவாசம் போதும் என்பேன் நான். கட்டளையைக் கைக்கொள்ளாத விசுவாசம் வெறும் வாய்ப்பேச்சு என்று சீறுவார் அவர்.

ஒரு சனிக்கிழமை மழைவெள்ளம் என் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தவர், என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கித் தண்ணீரை இறைக்கத் தொடங்கினார்.

"இன்னிக்கு ஓய்வுநாளாச்சே அண்ணாத்தே?"

"தெரியும். கட்டளைய மீறிகினுதான் கீறேன்."

"அன்னிக்கு நன்மை செய்யலாம்னு வேதத்துலயே கீதே?"

"எனக்கு சாக்கு தேடாத நைனா. இன்னொரு வாளி எடுத்துகினு வா."

தண்ணீர் வடிந்ததும், ஈர வேட்டியோடு படிக்கட்டில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டு அழுதார். அதில் மன்னிக்க என்ன இருந்தது என்று கடவுளாவது கண்டுபிடித்திருப்பாரா, தெரியவில்லை.