அக்கா ஏற்றுக்கொண்ட ஏப்பம்

மருமகள் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைத் திறந்ததும் புஸ்ஸென்று சத்தம் வந்தது. சாந்தி அக்காவைப் பெண் பார்க்க வந்த நாள் ஞாபகம் வந்தது. எனக்கு அப்போது பத்து வயசு.

முழுதும் குடித்தால் மரியாதை இல்லையென்று, வந்தவர்கள் கலர் சோடாவைப் பாதி வைத்துவிட்டார்கள். நாலு பாட்டில் மீதியையும் உள்ளே கொண்டுபோய்க் குடித்துவிட்டு, அக்கா முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தேன். வயிறு பானையாய் உப்பி, வீடே கேட்க ஏப்பம் வந்தது.

"இன்னாமே, பொண்ணுக்கு வாயுத் தொல்லை கீதா?" என்று மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அம்மாவைக் கேட்டாள்.

அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எனக்குத்தாங்க" என்றாள்.

சம்பந்தம் கலைந்தது. அம்மா அக்காவை அடித்தாள். யாருக்கும் பயப்படாத நான் வாய் திறக்கவில்லை.

மருமகள் நீட்டிய டம்ளரைத் தள்ளினேன்.

"வவுறு உப்பிக்குமா அத்தே?"

"ஆமாம்மா" என்றேன். அதற்கு மேல் சொல்ல இன்றும் நா எழவில்லை.